தொப்பி தின்ற ஆடு

அந்த ஆட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது உயிருள்ள ஆடுகூட இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரன் காகிதத்தில் கிறுக்கிய ஆடு. நாலு கோடு, ஒரு தாடி, கொம்பு என்று சொல்லிக்கொள்ள இரண்டு வளைவு. வரைகிறவன் மட்டும் நிஜ மனிதன். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அவன் வரைந்து முடித்ததும் ஆடு காகிதத்தை விட்டு எழுந்து, நிஜ மேஜைமேல் குதித்து, அவனுடைய நிஜத் தொப்பியைத் தின்னும். கடைசியில் தின்ன வேறொன்றும் கிடைக்காமல், தான் வரையப்பட்டிருந்த காகிதத்தையே ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்து, தானும் காணாமல் போய்விடும். படம் அவ்வளவுதான். பத்து நிமிஷம் ஓடுமா என்பதே சந்தேகம். இதைப் பார்க்க ரங்கூனின் மறுகோடியிலிருந்து டிராம் ஏறி வந்தார்கள் என்றால் யாராவது நம்புவார்களா?

அந்த நாளில் இந்த மாதிரிப் படங்கள் நிறைய வந்தன. பொம்மைப் படம் என்பார்கள். நிஜ ஆளும் கோட்டு மிருகமும் ஒரே அறையில் சண்டை போடும், துரத்தும், ஒன்றின் மூக்கை மற்றது பிடித்து இழுக்கும். பெரிய படத்துக்கு முன்னால் இதைக் காட்டுவார்கள். காய்கறி வாங்கினால் கடைக்காரன் கையில் திணிக்கிற கறிவேப்பிலை மாதிரிக் கொசுறு. வளர்ந்த ஆண்கள் ஒன்றுகூடி, மாதக்கணக்காக உட்கார்ந்து, ஒரு ஆட்டுக்கு ஆயிரம் தடவை கால் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ. ஒரு பெண் அப்படி ஒரு மாதம் உட்கார்ந்து கிறுக்கியிருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

எங்கள் கொட்டகை ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் என்று வாய் சொல்லுகிறது. அதில் எங்களுக்கு ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகைக்கு ஒரு முதலாளி இருந்தார். என் வீட்டுக்காரர் அங்கே படம் சொல்லுகிறவர். படங்கள் அப்போது பேசாது. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து அட்டைகள் வரும், பாத்திரங்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்று. வந்து உட்காருகிறவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், நகரசபையில் ரோடு போடுகிறவர்கள். அவர்களுக்கு அந்த அட்டையை யார் படித்துச் சொல்வது? திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி போட்டிருக்கும். அதன்மேல் என் வீட்டுக்காரர் ஏறி நின்று, கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு, கதையைத் தமிழில் முழங்குவார். அவருக்கு வாத்தியார் என்று பட்டம். அவர் தெருவில் போனால் ரிக்‌ஷா இழுக்கிறவர்கள்கூட வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். பெயர் சொல்லும் வழக்கம் எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு இல்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

வாத்தியாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இதுதான் விஷயம். ஓடுகிற திரையிலிருந்தே இங்கிலீஷைப் படித்துத் தமிழாக்குகிற மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். என் அப்பா ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. இங்கிலீஷ் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிற மனுஷர். அங்கேயே உருகிவிட்டார். கல்யாணமான புதிதில் இவர் என்னிடம் பால் டப்பாவை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படி பார்ப்போம், உனக்கு எவ்வளவு வருதுன்னு தெரியணும்" என்றார். படித்தேன். மறுநாள் மருந்து சீசா. அதற்கு மறுநாள் டிராமில் ஒட்டியிருந்த அறிவிப்பு. பெண்டாட்டியைப் பரீட்சை செய்கிறார் என்று நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டு படித்தேன். மூன்றாவது வாரம் அவருக்கே வந்த ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் அந்த வேலையைக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற ஆள் ஒருவர் ரகசியமாகச் செய்து வந்திருக்கிறார். அந்த மனுஷர் வேறு வேலை கிடைத்து மோல்மேன் ஊருக்குப் போன பிறகுதான் இவருக்குக் கல்யாண அவசரம் வந்திருக்கிறது. என் ஜாதகத்தில் அவர் பார்த்த பொருத்தம் அது ஒன்றுதான்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. பசுந்தாங் பேட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஏழாவது வரை படித்தவள். உரக்கப் படிக்கும் போட்டியில் பரிசு வாங்கியவள். பிறகு அதை வைத்து என்ன செய்தேன்? அம்மியில் அரைத்தேன். அடுப்பு ஊதினேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நான் படித்தவள் என்று சொன்னால், "அப்படியா, சாம்பார்ல உப்பு சரியா இருக்கா பாரு" என்பார்கள். இத்தனை பெரிய ரங்கூனில் என் இங்கிலீஷுக்கு ஒரே ஒரு வேலை கிடைத்தது. அதுவும் வாரத்துக்கு ஒரு காலை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், அந்தக் காலைக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளும் உயிர் வாழ்ந்தேன்.

படம் மாற்றுகிற நாளில், புதுப் படத்தை மிஷின்காரர் காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், பிலிமில் ஒட்டுகள் பிரிந்திருக்கின்றனவா என்று. அந்த நேரத்துக்கு நான் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். புருஷனுக்குச் சோறு கொண்டுவருகிற பெண்டாட்டியை யார் தடுப்பார்கள்? காலிக் கொட்டகையில், நாற்காலி வகுப்பில், நடு நாற்காலியில் உட்காருவேன். மாலையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட என்னை விடமாட்டார்கள். அட்டை வந்ததும் முதலில் இங்கிலீஷை உரக்கப் படிப்பேன், பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே, குரலை ஏற்றி இறக்கி. அப்புறம் தமிழில் சொல்லுவேன். மிஷின் போடுகிற சத்தத்தில் மிஷின்காரர் காதில் ஒன்றும் விழாது. இங்கிலீஷ் எதற்கு, நேராகத் தமிழைச் சொல்லு என்று இவர் பல தடவை முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை. முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். அது என் சம்பிரதாயம்.

ஞாபகசக்தியில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை கேட்டால் போதும். சாயங்காலம் பெண்கள் பக்கத்தில், பலகைத் தடுப்புக்குப் பின்னால், கன்னத்தில் பர்மாக்காரர்களின் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிய குழந்தைகள் என் மடியில் ஏறி மிதிக்க, நான் உட்கார்ந்து கேட்பேன். காலையில் நான் சொன்ன வாக்கியங்கள் அவர் தொண்டை வழியாக வரும். சில இடத்தில் தேவையில்லாத சரிகை வைத்துத் தைப்பார், 'ஐயகோ' என்பார், 'அடி பேதையே' என்பார். சகிக்காது. இருந்தாலும் அடியில் இருப்பது என் துணி. எல்லோரும் அழும்போது, இவர்கள் என் வாக்கியத்துக்கு அழுகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஆடு வந்தது ஒரு மழைக்காலத்தில். பெரிய படத்தைக் காலையிலேயே பார்த்து முடித்தாகிவிட்டது. கொசுறுப் பெட்டி மட்டும் வரவில்லை, கப்பல் தாமதம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நனைந்த பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் போட்டே ஆகவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் போய் உட்கார்ந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. திரையில் ஒரு பேனா முனை தெரிந்தது. பெட்டிமேல் நிற்கிற மனுஷருக்கு ஒரு எழுத்து தெரியாது. இன்றோடு நம் பிழைப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "இதோ ஒரு துரை. பேனாவை எடுக்கிறார்" என்றார். அதைக் குருடனைத் தவிர யாரும் சொல்லிவிடலாம். ஆடு வளர்ந்தது. கால் வந்தது, வால் வந்தது, தாடி வந்தது. கண் மட்டும் வைக்கவில்லை. பேனா மேலே போய்ச் சற்று நின்றது. அப்போது என் வீட்டுக்காரர் பிரம்பால் பெட்டியை ஓங்கி அடித்தார்.

"எல்லாரும் பாருங்க! கண்ணு இன்னும் திறக்கல! துரை இப்பக் கண்ணு திறக்கப் போறார்! எதிர்ல இருக்கிறவங்க விலகிக்குங்க!"

தரையில் உட்கார்ந்திருந்த ஜனம் அப்படியே இரண்டாகப் பிரிந்து ஒதுங்கியது. நான் பொய் சொல்லவில்லை. பெரிய பெரிய ஆம்பிளைகள், அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர்கள், ஒரு கோட்டு ஆட்டின் பார்வைக்குப் பயந்து பக்கத்து ஆள் மடியில் விழுந்தார்கள். கோயில் சிலைக்குக் கண் திறக்கும்போது முதல் பார்வை மனிதர்மேல் படக்கூடாது என்று நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கண்ணாடியைக் காட்டுவார்கள், கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இங்கே கன்றுக்குட்டிக்கு எங்கே போவது? ஒரு ஆள் தன் முண்டாசை அவிழ்த்துப் பக்கத்திலிருந்தவன் முகத்தை மூடினான். மை ஒரு புள்ளியாக விழுந்தது. ஆடு கண்ணைச் சிமிட்டியது. கொட்டகையே மூச்சை இழுத்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கதை இப்படிப் போயிற்று. துரை ஒரு வேண்டுதலுக்கு முனீஸ்வரனுக்குக் கிடா கொடுப்பதாக நேர்ந்துகொண்டாராம். காரியம் முடிந்ததும் கிடா வாங்க மனம் வரவில்லையாம். காகிதத்தில் ஒரு கிடாவை வரைந்து சாமியை ஏமாற்றிவிடலாம் என்று பார்த்தாராம். சாமி விடுமா? அந்தக் காகிதக் கிடாவிலேயே வந்து இறங்கிவிட்டது. ஆடு மைக்கூட்டில் விழுந்து எழுந்து, உடம்பை உதறிக்கொண்டது. தரையிலிருந்து ஒரு குரல், "துலுக்கிடுச்சுடா!" என்றது. நேர்ந்துவிட்ட கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. என் இரண்டு காதும் அடைத்துப் போயின.

அப்புறம் அட்டை வந்தது. நான் படித்தேன், மனசுக்குள். 'தயவுசெய்து என் தொப்பியைத் தின்னாதே' என்று முதல் அட்டை. 'எனக்கிருப்பது இந்த ஒரே தொப்பிதான்' என்று அடுத்த அட்டை. துரை ஆட்டைப் பார்த்துக் கெஞ்சுகிறான். என் வீட்டுக்காரர் முழங்கியதோ வேறு.

"அடே துரை! ஆடி மாசம் நேர்ந்துக்கிட்ட கிடா எங்கேடா? எனக்கா காகிதத்தக் காட்டுற?"

தரை எழுந்து நின்றது. வெள்ளைக்காரனை 'அடே' என்று ஒரு குரல் கூப்பிடுகிறது, அவன் பயந்து மேஜைக்கு அடியில் ஒளிகிறான். பகல் முழுவதும் அதே மாதிரிக் கோட்டுக்காரர்களிடம் வசவு வாங்கிவிட்டு வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலியில் இருந்த இரண்டு குமாஸ்தாக்கள் மட்டும் அட்டையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதோ மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலிக்காரர்களுக்கே இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று முதலாளி பூரித்துப் போனாராம். வாசலில் மொஹிங்கா என்கிற மீன்சாற்றுச் சேவை விற்கிற பர்மியப் பெண்ணும் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆடு தொப்பி தின்பதைப் பார்க்க எந்தப் பாஷை வேண்டும்?

அவர் சொன்னது படத்தைவிட நல்ல கதை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் அது அட்டையில் இல்லை. ஒருவன் எழுதியதை இன்னொருவன் படிப்பது என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதே, அதற்கு அங்கே என்ன மரியாதை?

முதலாளி அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பவே இல்லை. பெரிய படம் மாறும், ஆடு மாறாது. அடுத்த முறை படம் மாற்றுகிற நாளில் நான் விடியும்போதே எழுந்து சமைத்து, அடுக்குப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டே, "நீ இன்னிக்கு வரவேணாம்" என்றார்.

"ஏங்க, பெரிய படம் புதுசாச்சே. அட்டையில என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா சொல்ல வரமாட்டேங்குது" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லுகிற மாதிரி சொன்னார். இவ்வளவு நாளாக என் அட்டைகள் தன் காலில் கட்டிய கல் என்று அவருக்குத் திடீரென்று புரிந்துவிட்டது. நான் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து, அவருக்குக் கட்டிய சோற்றை நானே தின்றேன்.  ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

அந்த வாரத்துப் பெரிய படத்தில் ஒரு நீதிபதி, ஒரு இளைஞனுக்குத் தண்டனை சொல்லுகிற கட்டம். வெள்ளைக்கார நீதிபதிகள் தலையில் வெள்ளைப் பொய்முடி வைத்துக்கொள்வார்கள், சுருள் சுருளாக. இவர் அதைப் பார்த்துவிட்டு, அது பையனுடைய மாமியார் என்று முடிவுகட்டிவிட்டார். "மருமகனே, என் பெண்ணை வாழவைப்பாயா" என்று மாமியார் கேட்கிறாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு அழுகிறான். நாலு போலீஸ்காரர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கல்யாணத்துக்கு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண், "இங்கிலீஷ்காரங்க கல்யாணத்துல போலீசு வருமாட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இப்படி மூன்று வாரம். முதல் வாரம் அழுதேன். இரண்டாவது வாரம் போகவே இல்லை. மூன்றாவது வாரம் போனேன், மனசில் ஒரு தீர்மானத்தோடு. ஆடு வரட்டும், அந்தத் தொப்பி அட்டை வரட்டும், எழுந்து நின்று சரியானதைப் படித்துவிடுவது. அவரைக் காட்டிக்கொடுப்பது என் எண்ணமில்லை. அங்கே ஒரு அட்டை இருக்கிறது, அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். இது ஒருமுறையாவது அந்தக் கொட்டகையில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கண் திறந்தது. ஜனம் ஒதுங்கியது. இப்போதெல்லாம் அதற்கென்றே வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவந்து முன்னால் பிடிக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஆடு துலுக்கியது. குலவை எழுந்து அடங்கியது. அட்டை வந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.  பரிசு வாங்கிய அன்றைக்கு எப்படிப் படித்தேனோ அப்படி, ஏற்றி இறக்கி, கடைசி எழுத்துவரை தெளிவாக, இங்கிலீஷில் படித்தேன். கொட்டகை அடங்கிப் போயிற்று. திரைக்கு அடியில் உட்கார்ந்து படத்துக்கு வாசிக்கிற ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். உடனே இரண்டாவது அட்டை வந்துவிட்டது. அதையும் படித்தேன்.

என் சம்பிரதாயம் என்னைக் கவிழ்த்தது அங்கேதான். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். தமிழுக்கு வருவதற்காக நான் மூச்சு எடுத்தேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் பெட்டிமேலிருந்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. அப்படி ஒரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அடுத்த வார்த்தையைத் தமிழில் நான் சொன்னால் அவர் கதை முடிந்தது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு அவர் பிரம்பைத் தூக்கினார்.

"யாரும் பயப்படாதீங்க! பொம்பளைங்க பக்கம் ஆத்தா இறங்கியிருக்கா! வழி விடுங்க, வழி விடுங்க!"

நாற்பது வாய் ஒரே சமயத்தில் குலவையிட்டது. பக்கத்தில் இருந்தவள் என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இன்னொருத்தி நெற்றியில் திருநீற்றை அப்பினாள், பாதி கண்ணுக்குள் போயிற்று. எங்கிருந்து வந்ததோ ஒரு எலுமிச்சம்பழம், என் உள்ளங்கையில் அழுத்தினார்கள். "இது இங்கிலீஷ்! நான் படிக்கிறேன்! அட்டையப் படிக்கிறேன்!" என்று கத்தினேன். கத்தக் கத்த ஆத்தா உக்கிரமாகிறாள் என்று இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவி என் காலில் விழுந்து, "தாயே, அடங்கு தாயே" என்றாள்.  பேசி என்ன பிரயோஜனம்? பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், ஆத்தா மலையேறிவிட்டாள் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். திரையில் ஆடு காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் வாய் இன்னொரு தரம் பிழைத்துக்கொண்டது. அதில் எனக்கு நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். அவருக்கு வேலை போனால் எனக்கும்தான் சோறு இல்லை. ஆனால் அந்த நிம்மதியின்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றியது.

மறுநாள் காலையில் முதலாளி ஒரு தேங்காயும் பழமும் கொடுத்தனுப்பி, அந்த அம்மா இனி வாராவாரம் வந்தால் முன் பெஞ்சில் இடம் போட்டுவைப்பதாகச் சொல்லியனுப்பினார். அந்த அம்மா வாத்தியாரின் பெண்டாட்டி என்பது தெரிந்ததும் அவருக்கு இரட்டைச் சந்தோஷமாம். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வீட்டுப் பெண் வந்தாள். அவள் புருஷன் அரிசி ஆலையில் வேலை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதற்கு முன்னால் ஒருநாளும் விட்டதில்லை. கூடத்து மூலையில் என் வீட்டுக்காரர் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேத்து ஆத்தா ஏதோ சொன்னாளே, ஒண்ணும் விளங்கல. என்ன சொன்னான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி என்னிடம் அர்த்தம் கேட்டு வந்திருக்கிறாள். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"என் தொப்பியைத் தின்னாதே, எனக்கிருப்பது இந்த ஒரே தொப்பிதான். அதுதான் சொன்னது."

அவள் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் யோசித்தாள். "எங்க வீட்டுக்காரர் தலைக்குத் துணி கட்டாம ஆலைக்குப் போறாரு. அதத்தான் சொல்லியிருக்கா ஆத்தா" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் காலைத் தொட்டுவிட்டு, வேகமாகப் போனாள்.  பிறகு மூலையைப் பார்த்துத் திரும்பினேன்.

"நான் பேசினது இங்கிலீஷ். அத்தனை சனத்துல ஒருத்தர்கூடவா அது இங்கிலீஷ்னு சொல்லல? அந்த நாற்காலிக் குமாஸ்தாங்க என்ன ஆனாங்க?"

அவர் கத்தியைத் துடைத்தார். என்னை நேராகப் பார்த்தார். நான் ஓர் ஏளனத்துக்குத் தயாராக இருந்தேன். பதில் ஏளனமும் வைத்திருந்தேன்.

"அவங்க சொன்னாங்க. வெளியே வந்து என்கிட்டயே சொன்னாங்க, ஆத்தா நல்ல இங்கிலீஷ் பேசுறா வாத்தியாரேன்னு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ விசனப்படாத. உனக்கு இங்கிலீஷ் தெரியும்னா எவனும் நம்பமாட்டான். ஆத்தாவுக்குத் தெரியும்னா எல்லாரும் நம்புவாங்க. வாரம் ஒரு தடவை வந்து ஆசை தீரப் படிச்சுக்க" என்றார்.

கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்.